குழாய்க்குள் இருக்கும் சட்டம்

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்கு வரும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகியவற்றைக் கடந்து காவிரியில் வந்து முடிகிறது. ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குள் ஐந்து பாலங்கள். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டரும், மூட்டை சுமந்த டிவிஎஸ் வண்டியும், பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைகளின் மிதிவண்டியும் அச்சாலையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே செல்கின்றன. அவற்றுக்கு நடுவே காது அதிர விரையும் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகளை எவரும் கண்டிருப்பர். 1985-இல் அவ்வண்டி சந்தைக்கு வந்தபோது, இன்று அதில் அமர்ந்திருப்போரில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆலை பூட்டி வைத்த திறனைத் தாம் திறந்துவிட்டதாக அவர்கள் பெருமிதம் கொள்கின்றனர். அப்படி ஒரு பூட்டு அவ்வண்டியில் இருந்ததா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

98 சி.சி. கொள்ளளவும் ஏறத்தாழ 100 கிலோ எடையும் கொண்ட அவ்வண்டி, நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன் தந்தது. அக்காலத்தில் அந்த அளவுப் பொறியில் அது வியக்கத்தக்க திறன். ஆலை எதையும் மறைத்து வைக்கவில்லை. இன்று பட்டறைகளில் 'திறந்துவிடுவது' என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, சைலன்சரின் வால்முனையில் செருகப்பட்டிருக்கும் பேஃபிள் குழாயை உருவி எறிவதுதான். அதனால் ஓசை பெருகுகிறது. திறன் பெருகுவதில்லை.

அவ்வண்டியில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் (இருவீச்சு) பொறியின் இயல்பை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இராது. நான்கு வீச்சுப் பொறியில் புகை வெளியேறும் வழியை வால்வு அடைக்கிறது. இருவீச்சுப் பொறியில் அவ்வழி திறந்திருக்கும்போதே புதிய எரிபொருட்கலவை உள்ளே நுழைகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகிறது. தப்பி ஓடும் அக்கலவையைத் திருப்பி உருளைக்குள் தள்ளுவதே சைலன்சரின் தலையாய பணி. அதன் உள்வடிவம் விரிந்து, பருத்து, மீண்டும் குறுகுகிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை சரியான கணத்தில் வாயிலை அடைந்தால் கலவை உள்ளே நிற்கும். கணம் தவறினால் வீணாகும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் கைவினைஞர், உட்குழலின் அளவு நூலிழை பிசகினாலும் சுரம் தங்காது என்பதை அறிவார். நம் பட்டறைக்காரர்களில் பலர் வால்முனையின் விட்டமும் அத்தகைய அளவே என்பதை அறியாமல் அறுக்கின்றனர்.

தீங்கு அத்தோடு நிற்பதில்லை. காற்று வடிகட்டியையும் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மட்டும் மாற்றாமல் விட்டால், கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகும். வெப்பம் எல்லை கடக்கும். விரையும் வேகத்தில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் அசையாமல் நிற்கும். டூ-ஸ்ட்ரோக் வண்டியின் கிளட்சில் எப்போதும் இரு விரல் வைத்திருக்க வேண்டும் என்று முதிய ஓட்டுநர்கள் சொல்லிவந்ததன் காரணம் இதுவே. புகைவாயிலை உயர்த்திச் செதுக்கும் போர்ட்டிங் வேலையால் உண்மையாகவே திறன் கூடும். எனினும் அது மிகு சுழற்சியில் மட்டுமே கிட்டும், கீழ்ச்சுழற்சியின் இழுவிசை குன்றிவிடும். உரமூட்டையுடன் பாலத்து ஏற்றம் ஏற வேண்டிய உழவனுக்கு அத்தகைய வண்டி எதற்குப் பயன்படும்?

ஆயினும், திறனைக் கட்டிப்போட்ட ஆலைகளே இல்லை என்று நாம் கூறவில்லை. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ராஜ்தூத் 350 சிறந்த சான்று. தொடக்கத்தில் 30.5 குதிரைத்திறன் தந்த அந்த இரட்டை உருளை வண்டி, எரிபொருளை அளவின்றி விழுங்குகிறது என்ற முறையீட்டினால் 27 குதிரைத்திறனாகக் குறைக்கப்பட்டது. இழந்ததை மீட்க உரிமையாளர்கள் முனைந்ததில் குற்றம் காண்பது கடினம். குற்றம் வேறிடத்தில் இருந்தது. ஜப்பானிய மூலவண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை நீக்கி, இந்திய வாங்குவோர்க்கு டிரம் பிரேக்கைப் பூட்டித் தந்தது ஆலை. வேகத்தை அளித்து, நிறுத்தும் வலிமையில் சிக்கனம் பார்த்தவர்களை அன்று எச்சட்டமும் கேள்வி கேட்கவில்லை.

2000-ஆம் ஆண்டின் மாசு வரம்புகள் வந்தபின் நிலைமை வேறானது. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் புகைக்குழாய்களில் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. அது திறனைச் சற்றுக் குறைத்தது உண்மை. அதைக் குடைந்து எடுத்துவிடுவதோ, பழைய ஆர்எக்ஸ் 100 சைலன்சரைப் பூட்டிக்கொள்வதோ வழக்கமாயிற்று. ராஜ்தூத் உரிமையாளரின் செயலும் இதுவும் ஒன்றல்ல. முன்னது தன் பெட்ரோல் செலவைத் தானே ஏற்பது. பின்னது எரியாத எரிபொருளையும் எண்ணெய்ப் புகையையும் பின்னால் வரும் மிதிவண்டிச் சிறுமியின் நுரையீரலில் ஏற்றுவது. தனக்கிட்ட கட்டு, பிறர்க்காக இட்ட காப்பு என்னும் இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில் இப்பொருளில் தெளிவு பிறக்காது.

சட்டமும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182-ஏ பிரிவு, மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் என்கிறது. உரிமையாளரைத் தண்டிக்கும் அந்த உட்பிரிவில் அறுத்துக் கொடுத்த பட்டறையின் பெயர் இல்லை. ஆகவே காவலர் வண்டியை மறிக்கின்றனர், சைலன்சரைப் பறிக்கின்றனர், பல நகரங்களில் அவற்றைச் சாலையில் வரிசையாய் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிப் படமும் எடுத்துக்கொள்கின்றனர். மறுவாரமே அதே கடையில் அதே பொருள் தொங்குகிறது.

இத்தகைய காட்சிகளால் பயன் விளையும் என்று நாம் நம்பவில்லை. கையில் இருக்கும் கருவியோ வேறு. இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டமையால், ஓடிக்கொண்டிருக்கும் அவ்வகை வண்டி ஒவ்வொன்றும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாயிலை மிதித்தே தீர வேண்டும். 80 முதல் 175 சி.சி. வரையிலான புதிய வண்டிக்கு 77 டெசிபல் என ஒலி வரம்பு வகுத்த அரசு, பழைய வண்டிக்கும் தக்கதோர் அளவை வகுத்து, புதுப்பிக்கும் நாளில் ஒலிமானியைக் கொண்டு அளந்து பார்க்கட்டும். சேசிஸ் எண்ணைச் சுரண்டிப் பார்த்துக் கையொப்பமிடுவதை ஆய்வு என்று அழைப்பது இனியேனும் நிற்க வேண்டும். வால்முனை திறந்த சைலன்சரை விற்பவரையும் அறுத்துத் தருபவரையும் பெயர் சுட்டித் தண்டிக்கும் சிறு திருத்தம் ஒன்றும் தேவை.

வேக வேட்கை கொண்ட இளைஞரைப் பகைவராய்க் கருதுவதும் தகாது. சோழவரம் விமான ஓடுதளத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் செதுக்கிய டூ-ஸ்ட்ரோக் பொறிகளை ஓட்டியவர்களிடமிருந்தும் தமிழகத்தின் மோட்டார் பந்தய மரபு வளர்ந்தது. திருவையாற்று இளைஞனுக்கு இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. தஞ்சை வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாலை வேளைகளில் தம் பட்டறைகளைத் திறந்து, அழுத்த அலையின் கணக்கையும் ஜெட் மாற்றும் முறையையும் கற்பிக்குமாயின், அறுப்பதற்கு முன் அளக்கும் பழக்கமேனும் வரும்.

இதில் காலந்தாழ்த்த இயலாது. 250 வாட் திறனுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்கின்றன விதிகள். அதன் வேகக் கட்டுப்பாட்டு இணைப்பைத் துண்டித்துத் தரும் வேலை பட்டறைகளில் தொடங்கிவிட்டது. உரிமம் பெறும் வயதை எட்டாத சிறுவர்களும் அதில் செல்கின்றனர். அவ்வண்டிக்குப் பதிவு இல்லை; புதுப்பிக்கும் நாளும் இல்லை; ஒலியைக் கேட்டு மறிக்கப் பழகிய காவலரின் காதுக்கு அது எட்டப்போவதும் இல்லை.