தட்டுத் துடைத்த அவமானம்

அமெரிக்காவில் ஓராண்டு தங்கித் திரும்பிய நண்பர் ஒருவர், சென்ற அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபை மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். மேல்நாட்டாருக்கு விருந்தோம்பல் என்றால் என்னவென்றே தெரியாதாம். அதற்கு அத்தாட்சி? அவர் தங்கியிருந்த வீட்டு அம்மாள், சாப்பாடு முடிந்ததும் கையில் ஒரு துண்டைக் கொடுத்துத் தட்டுகளைத் துடைக்கச் சொல்லிவிட்டாளாம். "வந்த விருந்தாளியை!" என்றார். மண்டபம் முழுவதும் உச்சுக் கொட்டியது.

நான் கொட்டவில்லை. அந்தத் துண்டு என் கைக்கும் வந்திருக்கிறது.

மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், லுத்தரன் குடும்பம் ஒன்றோடு எட்டு மாதம் இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்தால் எல்லாரும் கோயிலுக்கு அடியிலுள்ள நிலவறைக் கூடத்துக்கு இறங்குவார்கள். கொத்துக் கறியும் நூடுல்ஸும் காளான் சூப்பும் சேர்த்து அடுப்பில் வாட்டிய ‘ஹாட் டிஷ்’ என்ற பதார்த்தம் பத்து வீடுகளிலிருந்து வரும். பாத்திரம் மாறிப் போகாதிருக்க அடியில் பெயர் ஒட்டியிருக்கும். காப்பியும் உண்டு. கும்பகோணத்துக்காரர் எவரும் அதைக் காப்பி என்று ஒப்பமாட்டார், அது கிடக்கட்டும். சாப்பிட்டானதும் ஊர் பாங்கியின் மானேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தட்டுக் கழுவுவார். குருவானவர் நாற்காலிகளை மடித்து அடுக்குவார். நம் ஊரில் கோயில்பிள்ளை இருக்கும்போது குருவானவர் நாற்காலியைத் தொடுவாரா? தொட்டால் சபைதான் விடுமா? அங்கேயும் சமையற்கட்டுப் பாரம் பெண்கள் தலையில்தான் அதிகம். ஆனால் கழுவுகிறவன் என்று ஒரு தனிப் பிறவி அங்கே இல்லை.

நண்பருக்கு வலித்தது எந்த இடத்தில் என்று இப்போது தெரிகிறதல்லவா? விருந்தாளி என்பதிலா? இல்லை. எச்சில் தட்டைத் தொட்டதில். அந்த வலிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு. ‘பண்பாடு’ என்பது மேடைக்காகப் போட்டுக்கொள்ளும் சால்வை. அவர் பேசிக்கொண்டிருந்த அதே வேளையில், மண்டபத்தின் பின்வாசலில் பிரியாணி அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று சபைக் கமிட்டியாருக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய சாப்பாடு பொட்டலமாகப் போயிற்று.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அந்த நிலவறையில், துண்டும் கையுமாக நின்ற என்னிடம் கிழ விவசாயி ஒருவர் கேட்டார்: "உங்கள் ஜனங்கள் எப்போது கிறிஸ்தவர்களானார்கள்?" எனக்குச் சுருக்கென்றது. சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது 1715-இல். உங்கள் மின்னசோட்டா ஒரு மாநிலமானதே 1858-இல்தான் என்று அடுக்கினேன். கிழவர் மகிழ்ந்துபோனார். "முந்நூறு வருஷமா! அப்படியானால் உங்கள் சபைகளில் ஜாதி எப்போதோ ஒழிந்திருக்குமே?" என்றார்.

ஜாதி எங்கே ஒழிந்தது? தரங்கம்பாடிச் சபையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தவர்கள் நாம். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே 1829-இல் ஜாதி வழக்கத்தைக் காக்கப் பேனா பிடித்தார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது என்று கட்டளை எழுதியபோது, கோயிலை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடமாட்டோம் என்று வெளியேறியவர்கள் உண்டு. செத்த பிறகும் சேர்ந்து கிடக்கக் கூடாதென்று கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்த ஊர்களும் உண்டு.

பதிலுக்குக் குத்த எனக்கும் ஆயுதம் இருந்தது. அந்தக் கூடத்தில் கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். 1862 டிசம்பர் 26-ஆம் தேதி, அதே மாநிலத்து மான்கேட்டோவில் டகோட்டா இனத்தார் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மறு வருஷம் மிச்சமிருந்தவர்களை மண்ணை விட்டே துரத்தினார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் கிழவர் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. உன் வீட்டில் குப்பை இல்லையா என்று கேட்டு என் வீட்டைப் பெருக்க முடியுமா?

"ஆமாம், ஒழிந்துவிட்டது" என்றேன். தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. நானும் பதிலுக்கு ஒன்று அனுப்புகிறேன். அந்த ஒரு வரியைத் திருத்தி இன்னும் எழுதவில்லை.