முன்பணம் போட்டவருக்குத் தள்ளுபடி, உழைத்தவருக்கு முழுக் கட்டணமா?

சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் கையில் புதன்கிழமை எவ்வளவு மிச்சமிருக்கும்? இதைத் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியைக் கேட்க வேண்டும். கோவை பவுண்டரித் தொழிலாளியைக் கேட்க வேண்டும். பஸ், ரயில் கட்டணச் சலுகைகளை வகுக்கும் அதிகாரிகள் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று எங்கும் ஸ்மார்ட் கார்டு என்றே பேச்சு. 2019 மார்ச்சில் மத்திய சர்க்கார் ‘ஒரே நாடு, ஒரே அட்டை’ என்று முழங்கித் தேசியப் பொதுப் பயண அட்டையைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ‘சிங்காரச் சென்னை’ அட்டை சென்னை மாநகர பஸ்களுக்கும் வந்தது. சென்னை மெட்ரோ ரயிலில் அட்டையில் பணம் ஏற்றி வைத்திருப்பவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி. அட்டை இல்லாமல் கவுண்டரில் காசு நீட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அட்டையை நாம் எதிர்க்கவில்லை. சில்லறைத் தகராறு தீருமானால் பயணிக்கும் நல்லது, கண்டக்டருக்கும் நல்லது. நமது கேள்வி ஒன்றே: இந்தத் தள்ளுபடி யாருக்குப் போய்ச் சேருகிறது?

ரயில்வே சீசன் டிக்கெட்டைப் பாருங்கள். கோவைக்கும் திருப்பூருக்கும், கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் தினமும் போய் வருகிறவர்களுக்கு அது பெரிய ஆதரவு, மறுப்பதற்கில்லை. ஆனால் மாத சீசன் விலையைப் போல் 2.7 மடங்கு கட்டினால் மூன்று மாத சீசன் கிடைக்கும். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு லாபம். மாதப் பணத்தையே புரட்ட முடியாதவர் தினமும் வரிசையில் நின்று முழு விலை கொடுக்கிறார். இதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இது முன்பணத்துக்குக் கொடுக்கும் வட்டி!

கொரோனா காலத்தில் நடந்ததை மக்கள் மறக்கவில்லை. பாசஞ்சர் ரயில்களுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் சூட்டி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். பழைய கட்டணம் 2024 பிப்ரவரி இறுதியில்தான் திரும்பியது. செல்போன் செயலியில் முன்பணம் போடுகிறவருக்கு 3 சதவீதம் போனஸ் கொடுத்ததும் இதே ரயில்வேதான். மூன்று மடங்கு ஏற்றுவது எல்லோருக்கும். மூன்று சதவீதம் குறைப்பது சிலருக்கு. என்ன நியாயம்?

கோவைக்கு வருவோம். 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்த நாளிலிருந்து இங்கே ஏழையின் வாகனம் டவுன் பஸ். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதற்கு அட்டை வேண்டாம், முன்பணம் வேண்டாம். ஏறினால் போதும். மில்லுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்ணின் கையில் அந்தக் காசு மிஞ்சுகிறது. சலுகை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் சிங்காநல்லூரிலோ உக்கடத்திலோ நின்று பாருங்கள். “ஏனுங்க, சாதா பஸ் வருமுங்களா?” என்று கேட்டபடி காத்திருக்கும் பெண்களின் முன்னால் வந்து நிற்பது சொகுசு பஸ்ஸாகவோ தனியார் பஸ்ஸாகவோ இருந்தால் இலவசம் இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். சாதாரணக் கட்டண பஸ் குறையுமானால், சலுகை காகிதத்தோடு நின்றுவிடும்.

இன்னொரு சுமையும் உண்டு. ஒண்டிப்புதூரிலிருந்து கணபதிப் பட்டறைக்குப் போகும் தொழிலாளி காந்திபுரத்தில் பஸ் மாறினால் புது டிக்கெட் வாங்க வேண்டும். நேர் பஸ் இல்லாத குற்றத்துக்கு அவர் அபராதம் கட்டுகிறார்!

முதலாளித்துவத்தின் கோட்டையான லண்டனில்கூட, ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் ஒரு வரம்புக்கு மேல் அட்டையில் பணம் பிடிப்பதில்லை. 2005 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. 2016 முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறும் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பாஸ் வாங்க மொத்தப் பணம் இல்லாதவருக்கும் பாஸின் பலன் கிடைக்க யந்திரத்தால் வழி செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதே லண்டனில் 2014இல் பஸ்களில் ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாடம் நமக்கு வேண்டாம்.

எனவே நாம் கோருவது இது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் சாதாரணக் கட்டண பஸ்களைப் பெருக்க வேண்டும். ஷிப்டு மாறும் நேரங்களில் கூடுதலாக விட வேண்டும். அட்டை கொண்டுவந்தால் நாள் வரம்பும், பஸ் மாறுவதற்குச் சலுகையும் அதிலேயே இருக்க வேண்டும். ரொக்கம் கொடுப்பவருக்குக் கூடுதல் விலை கூடாது. யந்திரத்தைக் காட்டிக் கண்டக்டர் வேலையில் கை வைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் ரயில்வே பறித்த முதியோர் சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

1953 ஜூலையில் கல்கத்தா டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியது. நகரமே திரண்டது. அந்தப் பைசா வாபசாயிற்று. பஸ் காசு சின்னக் காசு என்று நினைப்பவர்கள் அதை எண்ணிப் பார்க்கட்டும். தினமும் இரண்டு வேளை கொடுக்கிறவனுக்கு அது சின்னக் காசல்ல. குழந்தையின் பாலுக்கு வைத்த காசு. அதைக் காப்பாற்ற பயணிகளும் போக்குவரத்துத் தொழிலாளர்களும் ஒரே குரலில் பேச வேண்டும்.