தீ மூட்டும் உரிமை யாருடையது?

காட்டுத் தீயைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை வெள்ளம், வரட்சி, சூறாவளி என்னும் வரிசையிலே வைத்து எழுதுகின்றனர். இயற்கை சீறியது, மனிதன் அழிந்தான் என்ற அளவில் அவ்வெழுத்து முடிந்துவிடுகின்றது. ஆயின் வெள்ளத்துக்கும் தீக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. வெள்ளத்தை எவரும் கையிற் கொண்டு திரிந்ததில்லை. தீயையோ மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையிலெடுத்துப் பயன்படுத்தி வந்துள்ளனர். எங்கே, எப்போது, எவ்வளவு எரிப்பது என்பதனை அறிந்தே எரித்துள்ளனர். எனவே ஒரு நாட்டிற் காட்டுத் தீ பேரழிவாக மாறும்போது கேட்கவேண்டிய முதல் வினா, அங்கு தீயைக் கையாண்ட மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதாகும்.

இவ்வினாவைத் தவிர்ப்பதற்கு இன்று புதியதொரு வழி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் 'திட்டமிட்ட எரிப்பு' என்னும் முறை நவீன விஞ்ஞானத்தின் வெற்றியாகப் போற்றப்படுகின்றது. பெருந்தீயைத் தடுப்பதற்குச் சிறுதீ வேண்டும். இதனை நிபுணர் கண்டறிந்துவிட்டனர். இனி மக்களுக்குத் துண்டுப்பிரசுரங்கள் வழங்கி அவர்களைத் தயார்செய்தல் போதுமானது என்பர். இக்கூற்றில் விஞ்ஞானம் சரியானது, வரலாறு பொய்யானது. நிபுணர் இன்று கண்டறிந்ததாகக் கூறுவது, நேற்று அவர்தம் திணைக்களங்கள் சட்டத்தாற் குற்றமாக்கிய ஒன்றேயாகும்.

முதலில் விஞ்ஞானத்தை நோக்குவோம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பொண்டெறோசா என்னும் ஊசியிலை மரம் பெருவாரியாக வளர்கின்றது. அதன் பட்டை தடித்தது. முதிர்ந்த மரத்தின் கீழ்க்கிளைகள் உயரத்திலிருப்பவை. தரையோடு படர்ந்து செல்லும் மெல்லிய தீ சருகையும் புல்லையும் இளங்கன்றுகளையும் எரித்துச் செல்லும், மரம் தப்பும். தப்பிய மரத்தின் அடியில் ஒரு வடு எஞ்சும். மரத்தின் ஆண்டு வளையங்களிற் பதிந்த இவ்வடுக்களை எண்ணிய ஆய்வாளர், இக்காடுகள் பலவற்றில் ஏறத்தாழ 5 முதல் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ சென்றுள்ளதென நிறுவினர். தீயை முற்றாகத் தடுத்தபோது நிகழ்ந்தது யாது? சருகு அடுக்கடுக்காகக் குவிந்தது. நிழலில் வளரும் வேறு மரங்கள் இடைவெளிகளை அடைத்தன. தரைத் தீ உச்சிக்கு ஏறுவதற்கு ஏணி அமைந்தது. அதன்பின் மூண்ட தீ தரையோடு நில்லாது முடிகளைப் பற்றிக் காட்டையே கொன்றது. அணைத்தலில் வெற்றி பெருகப் பெருக அடுத்த தீயின் அளவும் பெருகியது என்பதே இதன் சாரம்.

இனி வரலாறு. வட கலிபோணியாவின் கிளாமத் ஆற்றோரத்தில் வாழும் கருக், யுரொக் மக்கள் தீயைத் தம் உற்பத்திக் கருவியாகவே கொண்டிருந்தனர். கருவாலி மரங்களின் கீழ்ப் பருவமறிந்து எரித்தமையால் கொட்டைகளைத் துளைக்கும் வண்டுகள் குறைந்தன, உணவு பெருகியது. கூடை முடைவதற்கு வேண்டிய நேரான, வளையத்தக்க ஹேசல் தளிர்கள் எரித்த புதர்களிலிருந்தே கிடைத்தன. கூடையின்றி அச்சமூகத்திற் சமையல் இல்லை, சேமிப்பு இல்லை, சடங்கும் இல்லை. ஆகவே எரித்தல் என்பது அங்கு வேளாண்மை, கைவினை, காவல் ஆகிய மூன்றும் கலந்த ஒன்றாக விளங்கியது.

1850ஆம் ஆண்டிற் கலிபோணியா அரசு 'இந்தியர்களை ஆளுதற்கும் பாதுகாத்தற்குமான சட்டம்' ஒன்றை இயற்றியது. புல்வெளிக்குத் தீயிடுதல் அதன்படி தண்டனைக்குரியதாயிற்று. அதே சட்டம் பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளையரிடம் கட்டாய ஊழியத்துக்கு ஒப்படைக்கவும் வழிசெய்தது. (பாதுகாத்தல் என்னுஞ் சொல் அரச ஆவணங்களில் எத்துணை நெகிழ்ச்சியுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.) தீயைத் தடைசெய்த கையும் உழைப்பைக் கவர்ந்த கையும் ஒன்றே என்பது இச்சட்டத்தை வாசிப்போருக்குத் தெளிவு. 1918இல் அப்பகுதி வன உத்தியோகத்தர் ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தீயிடும் இந்தியர்களையும் நெறிதவறிய வெள்ளையர்களையும் புதருக்குள் காணும்போது சுட்டுவிடுவதே நிச்சயமான பரிகாரம் எனக் கருத்துரைத்தார். இது வன விஞ்ஞானத்தின் மொழி அன்று.

1910 ஓகஸ்டில் ஐடகோ, மொன்ரானா மாநிலங்களில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் தீயணைக்கச் சென்ற கூலியாட்கள். அப்போது ஐந்து வயதேயான வன சேவை இவ்வழிவைத் தன் அதிகாரத்தை விரிப்பதற்கான நியாயமாக்கிக்கொண்டது. பருவத்தில் இலேசாக எரிப்பது நன்று என வாதிட்டோரும் கலிபோணியாவில் இருந்தனர். அவர்கள் பூர்வகுடியினரான பையூற் மக்களின் பெயரால் 'பையூற் வனவியல்' செய்வோர் என எள்ளப்பட்டனர். ஓர் இனத்தின் பெயரை வசைச்சொல்லாக்கியே அவ்விவாதம் வெல்லப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1935இல் எந்தத் தீயும் கண்ட நாளுக்கு மறுநாள் முற்பகல் 10 மணிக்குள் அணைக்கப்படல் வேண்டும் என்னும் விதி வந்தது. 1944இல் தொப்பியணிந்த கரடியொன்று சுவரொட்டிகளில் தோன்றிக் குழந்தைகளுக்கும் அவ்விதியைப் போதித்தது. 10 மணி விதி கைவிடப்பட்டது 1978இலேயாகும்.

இவையெல்லாம் அறியாமையால் நேர்ந்த பிழைகள் எனச் சமாதானம் கூறுவோர் உளர். அச்சமாதானம் பொருந்தாது. பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட பர்மாவில், தேக்குக் காடுகளைத் தீயிலிருந்து அளவுக்கு மீறிக் காப்பதனால் தேக்குக் கன்றுகள் முளைப்பது அருகுகின்றது என்று சிலேட் என்னும் வன உத்தியோகத்தர் 1896இலேயே 'இந்தியன் பொறெஸ்டர்' சஞ்சிகையில் எழுதிவிட்டார். விவாதம் நீண்டது, 1907 அளவில் ஈரலிப்பான தேக்குக் காடுகள் சிலவற்றில் தீத்தடுப்பைத் திணைக்களமே கைவிடத் தொடங்கிற்று. அதாவது, தீ நன்மையும் செய்யும் என்பது வனவியலாருக்குத் தெரிந்திருந்தது. தேக்கின் வருமானம் கேட்டபோது அவ்வறிவு செவியேறிற்று. புல்லுக்காகவும் கிழங்குக்காகவும் எரித்த மலைவாழ் குடியானவன் கேட்டபோது ஏறவில்லை. அறிவு இல்லாமையன்று குறை. யாருக்காக அறிவு என்பதே பிரச்சினை.

இலங்கையின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடியின் உடைமையாகக் கொண்டது. சேனைக்காக ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்துப் பின் அதனை மீள வளரவிட்ட கிராமத்தவன், காட்டை அழிப்பவன் எனக் குடியேற்ற அதிகாரிகளின் அறிக்கைகளிற் கண்டிக்கப்பட்டான். அதே காலத்தில் மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. அவை மீள வளரவிடப்படவில்லை. அத்தீ நாகரிகத்தின் வளர்ச்சி எனப்பட்டது. அந்நிலத்தைப் பண்படுத்திப் பயிரிட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்கு அத்தீயிலும் உரிமை இல்லை, அது வெளிப்படுத்திய நிலத்திலும் உரிமை இல்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். திட்டமிட்ட எரிப்பும் கைமீறுமே என்பர். மீறும்; மீறியுமுள்ளது. 2022 ஏப்பிரலில் நியூ மெக்சிக்கோவில் வன சேவை மூட்டிய தீ காற்றிற் பறந்து எல்லை கடந்தது. அச்சேவையே சனவரியில் எரித்த விறகுக் குவியல்களின் தணலிலிருந்து எழுந்த இன்னொரு தீயுடன் அது கலந்து, 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அம்மாநில வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தீ. ஆயின் எரிந்தது எவருடைய வாழ்வு? தலைமுறை தலைமுறையாக அம்மலைகளின் வாய்க்கால் நீரைக் கூட்டாகப் பங்கிட்டுப் பயிர்செய்த ஸ்பானிய வழிவந்த கிராமத்தவர்களின் வாழ்வு. அங்கு எரிப்பதைத் தீர்மானித்தவர்கள் அத்தீயின் வழியில் வாழ்பவர்களல்லர். இந்நிகழ்ச்சி திட்டமிட்ட எரிப்புக்கு எதிரான சான்று என்பதனைவிட, மக்களை விலக்கி வைத்துத் திட்டமிடும் எரிப்புக்கு எதிரான சான்று என்பதே பொருத்தமாகும்.

'சமூகத் தயார்நிலை' என்னும் சொற்றொடரையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். வீடுகள் எரிவது பெரும்பாலும் நெருப்புச் சுவரொன்று வந்து மோதுவதனாலன்று; காற்றிற் பறந்து வரும் தணல் கூரையிலும் பீலிச் சருகிலும் விழுவதனாலேயே என்று அமெரிக்க ஆய்வாளர் ஜாக் கோகன் காட்டினார். வீட்டையும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 30 மீற்றரையும் சீர்செய்தால் பெரும்பாலும் தப்பலாம் என்பது அவரது முடிவு. பயனுள்ள அறிவு இது. ஆனால் கூரையை மாற்றுவதற்குப் பணம் வேண்டும். வாடகைக்கு இருப்பவனுக்கு அக்கூரையை மாற்றும் அதிகாரமும் இல்லை. கலிபோணியாவின் பரடைஸ் நகரம் தயாராகாத நகரமன்று. அந்நகரை வலயங்களாகப் பிரித்து வெளியேற்றத் திட்டம் வகுத்திருந்தனர், ஒத்திகையும் பார்த்திருந்தனர். எனினும் 2018 நவம்பர் 8ஆந் திகதி காலையில் மூண்ட தீ இரண்டு மணித்தியாலத்துக்குள் நகரை அடைந்தபோது வீதிகள் வாகனங்களால் அடைபட்டன. எச்சரிக்கை பலரை எட்டவில்லை. 85 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தோர். ஓய்வூதியத்தில் வாழ்வோர் மலிவான வீடு தேடி வந்த நகரம் அது. தீயை மூட்டியது பசிபிக் எரிவாயு மின்சாரக் கம்பனியின் தேய்ந்துபோன மின்கம்பிக் கொளுக்கி. 2020இல் அக்கம்பனி 84 உயிரிழப்புகளுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கூரைச் சருகைக் கூட்டுமாறு கிழவிக்குப் பிரசுரம் கொடுக்கும் அரசு, கொளுக்கியை மாற்றுமாறு கம்பனியை வற்புறுத்தவில்லை.

அவுஸ்திரேலியாவின் வடபுலத்தில் நிலைமை மேலானது என்பர், ஓரளவுக்கு உண்மையே. மேற்கு ஆர்னெம் லாந்தின் பூர்வகுடிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பீடபூமியை விட்டு மிசன்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நகர்ந்தபின், வரண்ட பருவத்தின் இறுதியிற் கட்டற்ற பெருந்தீ மூளலாயிற்று. அவர்கள் மீண்டு சென்று பருவத்தின் தொடக்கத்திலே குளிர்ந்த தீயை மூட்டத் தொடங்கிய பின் நிலை திருந்தியது. 2006இல் ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீற்றரில் இத்திட்டம் ஒழுங்கமைக்கப்பட்டது. ஆனால் அதற்கான பணம் வந்த வழி சிந்திக்கத்தக்கது. டார்வின் துறைமுகத்தில் இயற்கை வாயுவைத் திரவமாக்கும் ஆலையொன்று தான் வெளியிடும் கரியமிலவாயுவுக்கு ஈடாக ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வழங்கியது. மூதாதையரின் அறிவு ஒரு நூற்றாண்டு எள்ளப்பட்டு, இறுதியில் வாயுக் கம்பனியின் கணக்கேட்டில் வரவாக ஏறியபோதே மதிப்புப் பெற்றது. அப்பணத்தால் அம்மக்கள் தம் நிலத்துக்கு மீள முடிந்ததென்பதை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் கம்பனி கொடுத்தாற்றான் எரிக்கலாம் என்ற நிலையை உரிமை என அழைப்பது எவ்வாறு?

இதனால் பழையன எல்லாம் போதும் என்று கொள்வதும் தவறு. நூறாண்டு எரியாது நெருங்கிய காட்டில் முன்னோர் மூட்டியதுபோல் ஒரு தீயை மூட்டினால் காடே போகும். முதலில் இளமரங்களை வெட்டி அகற்றல் வேண்டும். புவி வெப்பமுறுவதனாற் பருவங்களும் பிறழ்ந்துள்ளன. காற்று, ஈரப்பதன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைக் கருக் மக்கள் வெறுத்தொதுக்கவில்லை. அவற்றையும் கொண்டே எரிக்கின்றனர். விஞ்ஞானத்தை எதிர்ப்போராக அவர்களைச் சித்திரிப்பது நகரத்துக் கற்பனை.

2024இல் இயற்றிய சட்டமொன்றின்படி, பண்பாட்டு எரிப்புக்கு மாநில அனுமதிப்பத்திரங்கள் இன்றியே செயற்படும் உடன்பாட்டைப் பூர்வகுடி அரசுகள் கலிபோணியா மாநிலத்துடன் செய்துகொள்ளலாம். 2025 பெப்ரவரியில் அவ்வுடன்பாட்டை முதலிற் செய்துகொண்டவர்கள் கருக் மக்களே. 1850இன் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 174 ஆண்டுகள். ஆயின் கருக் மக்களின் மூதாதையர் நிலத்திற் பெரும்பகுதி மாநிலத்தின் கையில் இல்லை. மத்திய அரசின் வன சேவையின் கையிலுள்ளது. அந்நிலத்தில் ஒரு கருவாலிச் சரிவை எரிப்பதற்கு அவர்கள் இன்றும் அச்சேவையின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியவர்களாகவே உள்ளனர்.