கண்ணாடி விற்றால் மட்டும் போதுமா?



பிளஸ் டூ முடிவு வெளியானதும் நம் வீடுகளில் இரண்டே பேச்சுதான். மதிப்பெண் கூடுதல் என்றால் எம்.பி.பி.எஸ்., இல்லாவிட்டால் இன்ஜினியரிங். மதிப்பெண் குறைவு என்றால் கடை, அல்லது பாஸ்போர்ட். இவற்றுக்கு நடுவே எத்தனையோ படிப்புகள் நம் கண்ணில் படுவதே இல்லை. அவற்றுள் ஒன்று கண்ணைப் பற்றிய படிப்பு. அதன் பெயர் ஆப்டோமெட்ரி.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் கண் டாக்டர் அல்லர். அவர் ஆபரேஷன் செய்வதில்லை. கண்ணாடிக் கடைச் சிப்பந்தியும் அல்லர். பார்வையை முறைப்படி அளந்து கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் பவர் எழுதுபவர். நோயின் அடையாளம் தென்பட்டால் தாமதமின்றி டாக்டரிடம் அனுப்புபவர்.

ஆப்டிகல்ஸ் கடை நடத்தும் வியாபாரிகளே! உங்களிடம்தான் முதலில் பேச வேண்டும். 'கண் பரிசோதனை இலவசம்' என்று வாசலில் போர்டு. உள்ளே கம்ப்யூட்டர் மெஷின். கடைப் பையன் பொத்தானை அழுத்துகிறான், சீட்டு வருகிறது. பல கடைகளில் அந்தச் சீட்டே தீர்ப்பு!

மெஷின் தருவது தொடக்கக் கணக்கு மட்டுமே. குழந்தை அதற்குள் உற்றுப் பார்க்கும்போது கண்ணின் உள்தசை இறுகி, இல்லாத மைனஸ் பவரையும் காட்டிவிடும். அதனால்தான் மருத்துவமனையில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார்கள். 40 வயதைத் தாண்டியவர் வெள்ளெழுத்து என்று வருகிறார். பிளஸ் கண்ணாடி வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போகிறார். கண் நீர் அழுத்த நோய் வலியே இல்லாமல் அவருடைய ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருந்தால்? போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் இரத்தம் கசிந்தால்? அதை அந்தச் சீட்டு சொல்லாது.

தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்று அஞ்சும் வியாபாரி நீங்கள். கண்ணை அளப்பதும் அளவைதான், சகோதரரே! கடை வைத்திருப்பது குற்றமல்ல. அளக்கத் தெரியாதவன் கையில் அளவையைக் கொடுப்பதுதான் தவறு. உங்கள் மகனையோ மகளையோ படிக்க வையுங்கள். கடையும் நிற்கும், வாடிக்கையாளரின் கண்ணும் காக்கப்படும்.

படிப்பு நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985இல் இதற்கென்றே எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கியது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் பி.ஆப்டம். படிக்கலாம். 2007 முதல் நம் சமுதாயத்துக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. போராடிப் பெற்ற உரிமை, விண்ணப்பம் போடாதவனுக்கு என்ன பயன் தரும்?

'ஆறே மாதத்தில் சான்றிதழ்' என்னும் விளம்பரங்களில் ஏமாறாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்று கேளுங்கள். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் பதிவேட்டின் கீழ் கொண்டுவருகிறது. முறையாகப் படிக்காதவருக்கு வருங்காலத்தில் இடமில்லை.

'சம்பளம் என்ன கிடைக்கும்?' என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் பெரிதாகக் கிடைக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அனுபவம் சேர்ந்தபின் நிலைமை வேறு. சவூதியிலோ அமீரகத்திலோ பட்டத்தோடு போய், தேர்வெழுதி, அந்நாட்டு உரிமம் பெற்றவர் கண் பரிசோதனை அறையில் அமர்வார். பட்டம் இல்லாதவர் அதே கடையில் பிரேம் துடைத்து அடுக்குவார். இருவருக்கும் ஒரே விமானம்தான். இறங்கிய பின் வாழ்க்கை ஒன்றல்ல.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே! இருட்டறையில், முகத்துக்கு மிக அருகே வந்து செய்யும் பரிசோதனை இது. அந்நிய ஆணிடம் காட்டக் கூச்சப்பட்டே நம் தாய்மார்கள் பலர் கண்ணைக் கவனிக்காமல் விடுகிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பார்வை அளக்கும் பணியில் அமர்த்தியிருக்கிறது. பிளஸ் டூ முடித்த நம் மகளால் மட்டும் முடியாதா?

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு. அவர்களில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. வேலைக்குப் பஞ்சமில்லை, படித்தவருக்குத்தான் பஞ்சம்!

பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பார்வையின் இரகசியத்தை ஆராய்ந்தார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று வாதிட்டு நிறுவினார். மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தக் கல்வியைக் கற்க நம் தெருவிலிருந்து எத்தனை பேரை அனுப்பினோம்?

ஜமாஅத் நிர்வாகிகளே! ஆண்டுக்கு ஒருநாள் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறீர்கள், நல்லது. அதோடு மஹல்லாவுக்கு ஒரு பிள்ளையின் நான்காண்டுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முகாம் மாலையில் முடிந்துவிடும். படித்து வந்த பிள்ளை உங்கள் ஊரிலேயே ஆண்டு முழுவதும் கண் பார்ப்பான். வரும் கல்வியாண்டுக்குள் அந்தப் பிள்ளையைத் தேடுங்கள்!