காலை உணவில் முட்டை: சந்தைக்குப் போவதில் வீட்டுக்கும் பங்கு வேண்டும்

சிறு, குறு விவசாயிகளின் வீடுகளில் நான்கைந்து நாட்டுக் கோழிகள் மேய்வது தமிழகத்தில் புதிதன்று. ஆயினும் அவ்வீடுகளின் காலை உணவில் முட்டையைக் காண்பது அரிது. அடைக்கு வைத்தது போக மீதி முட்டைகள் கடைக்கோ வாரச் சந்தைக்கோ போய்விடுகின்றன. கோழி வளர்ப்பவர் பழைய சோற்றுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலில் இறங்குகிறார். அவர் வீட்டு முட்டை நகரத்தில் காலைச் சிற்றுண்டியாகிறது. இந்த நிலை மாற வேண்டும்.

காலையில் ஏன்?

அரிசி, கம்பு, கேழ்வரகு ஆகிய தானியங்கள் உடலுக்குத் தெம்பு தருகின்றன. ஆனால் அவற்றின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. முட்டைப் புரதத்தில் அது தாராளமாக உள்ளது. எனவே கூழுடனோ தோசையுடனோ ஒரு முட்டையைச் சேர்த்து உண்டால் தானியத்தின் புரதமும் உடலுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. சுமார் 55 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. வைட்டமின் 'சி' தவிர மற்ற உயிர்ச்சத்துக்கள் அனைத்தும் அதில் உள்ளன. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' மஞ்சள் கருவில்தான் இருக்கிறது.

அதிகாலையில் வயலில் இறங்குவோர் பத்துப் பதினோரு மணிக்குத்தான் வரப்பில் அமர்ந்து வயிறார உண்கின்றனர். நகரத்தில் விடுமுறை நாளில் நேரம் கழித்து உண்பதை ஒரு நாகரிகமாகக் கருதுகின்றனர். உழவருக்கோ அது அன்றாட வழக்கம். பாதி நாள் உழைப்புக்குப் பின் வரும் அந்த உணவு வெறும் கஞ்சியாக இருப்பது போதாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரளவு வழி பிறந்துள்ளது. 1982-ல் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் முட்டை சேர்ந்தது. 2010-ல் அது வாரத்துக்கு 5 முட்டையாக உயர்ந்தது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை இடம்பெற்றன. ஆனால் விடுமுறை நாட்களில் அந்தப் பிள்ளைக்கு முட்டை தருவது யார்? வயலில் களையெடுக்கும் தாய்க்குத் தருவது யார்? இந்தப் பொறுப்பு வீட்டைச் சேர்ந்தது.

விற்றே உண்ணலாம்

'முட்டைக் காசில்தான் உப்பும் சோப்பும் வாங்குகிறோம்' என்று தாய்மார்கள் கூறுவது உண்மை. பல வீடுகளில் பெண்கள் கையில் தங்கும் காசு அது ஒன்றே. அதைப் பறிக்கும் யோசனை எதுவும் நல்ல யோசனை ஆகாது. இதற்கு ஒரு வழி உண்டு.

சந்தையில் நாட்டு முட்டைக்குப் பண்ணை முட்டையை விட விலை அதிகம். சத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பே இல்லை. பண்ணை முட்டை அளவிலும் பெரியது. ஆகவே நாட்டு முட்டையை விற்று, அந்தக் காசில் பண்ணை முட்டையை வாங்கி உண்பதில் நட்டம் ஏதுமில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நாட்டுக் கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முட்டை இடுவதாகக் கொண்டால், 5 கோழிகளுக்கு 300 முட்டை. அடைக்கு 60 போனால் மீதி 240. நால்வர் உள்ள வீட்டில் வாரம் ஒரு நாள் ஆளுக்கு ஒரு முட்டை என்றால் ஆண்டுக்கு 208 முட்டை வேண்டும். நாட்டு முட்டை இரு மடங்கு விலை போகும் ஊரில், 104 நாட்டு முட்டை விற்ற காசு இதற்குப் போதும். மீதி 136 முட்டையின் காசு தாய்மார் கையில் நிற்கும். வாரத்தில் இரண்டாம் நாளும் முட்டை வேண்டுமென்றால், அந்தச் செலவை வீட்டுத் தலைவர் தம் டீக்கடைச் செலவைக் குறைத்துத் தருவதே முறை.

தலைக்கு ஒன்று

முட்டை வாங்கினால் மட்டும் போதாது. அது யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொரியலாகச் செய்தால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், சமைத்தவருக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சுகிறது. அவித்த முட்டையிலும் முட்டைத் தோசையிலும் இந்தக் குறை இல்லை. ஆளுக்கு ஒன்று என எண்ணிச் செய்வதால் ஒருவர் பங்கு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உள்ள வீடுகளில் இது மிகவும் முக்கியம்.

சமைக்கும் முறை

வயலுக்கு எடுத்துச் செல்ல ஏற்றது அவித்த முட்டை. முட்டை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். அதிக நேரம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும். அது கெடுதல் அல்ல, ஆனால் சுவை குறையும். அன்று இட்ட முட்டை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான்கைந்து நாளான முட்டை எளிதில் உரியும். ஓட்டை உரிக்காமல் கொண்டு சென்று, உண்ணும்போது உரிப்பது நல்லது.

வீட்டில் உண்போருக்கு முட்டைத் தோசை ஏற்றது. கம்பு மாவிலோ கேழ்வரகு மாவிலோ சற்றுத் தடிமனாகத் தோசை வார்த்து, மேல் பக்கம் ஈரமாக இருக்கும்போதே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்ப வேண்டும். நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகுத் தூள், உப்புத் தூவி, திருப்பிப் போட்டு எடுக்கலாம். பொரியல்தான் வேண்டுமென்றால், முருங்கைக் கீரையை வெங்காயத்துடன் வதக்கி வெந்த பின் முட்டையை ஊற்றிக் கிளறி, ஈரப்பசை முழுதும் வற்றுமுன் இறக்கினால் மெதுவாக இருக்கும்.

கொங்கு நாட்டுக் கலக்கி சுவையானதுதான். ஆனால் அரைவேக்காட்டு முட்டையில் நோய்க்கிருமிகள் தங்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் நன்கு வெந்ததையே தர வேண்டும். பச்சை முட்டை குடித்தால் பலம் கூடும் என்பதும் சரியன்று. பச்சை முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ பாதியே உடலில் சேர்கிறது. வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது.

முட்டையைக் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் நீங்கி விரைவில் கெடும். சமைக்குமுன் கழுவினால் போதும். தண்ணீரில் படுத்துக்கொள்ளும் முட்டை புதியது. மிதப்பதை நீக்கிவிட வேண்டும்.

சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு உண்ணலாம். மற்றவர்கள் நாளுக்கு ஒரு முட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

விதை நெல்லை ஒதுக்கி வைத்த பின்னரே விற்பனைக்கு நெல் அளப்பது உழவர் மரபு. முட்டையிலும் அவ்வாறே வீட்டாரின் பங்கை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலைக்கு ஒன்றாகத் தொடங்கலாம். அந்தக் கணக்கில் வீட்டு அம்மாளின் பெயரும் இருக்கட்டும்.