பனியனுக்குச் சர்டிபிகேட் கேட்கிறார்கள்; பிள்ளைக்குக் கேட்டோமா?

திருப்பூர் பனியன் கப்பல் ஏறுகிறது. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் சும்மா கொடுப்பது இல்லை. "சாயத்தில் உடம்புக்குக் கெடுதலான பொருள் இல்லையே? ஓகோ-டெக்ஸ் சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்கிறார். காகிதத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு.

ஒரு பனியனுக்கே இத்தனை விசாரணை! நம் பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்?

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மாவுக்குச் செக்கிங் வேலை. பையனுக்கு வயது 8. ஓயாமல் பேசுவான். ஆனால் புத்தகத்தை விரித்தால் எழுத்துக் கூட்ட வராது. "மக்கு" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். "நியூரோ சைக்காலஜிஸ்டிடம் காட்டுங்கள்" என்கிறார் டீச்சர். சனிக்கிழமை வாங்கிய சம்பளம் அங்கே போகிறது.

போன இடம் சரியான இடம்தானா?

யார் இவர்?

நியூரோ என்றால் நரம்பு. சைக்காலஜி என்றால் மனோதத்துவம். மூளைக்கும் படிப்புக்கும், மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைச் சோதித்துச் சொல்பவர் இவர்.

இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டு பட்ட வீரர்களை ரஷ்ய அறிஞர் லூரியா ஆராய்ந்தார். மூளையில் எந்த இடத்தில் அடி பட்டால் எந்தத் திறமை போகிறது என்று கவனித்தார். இந்தக் கலை வளர அந்த ஆராய்ச்சி பெரிதும் உதவியது. நம் பக்கத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இதில் பெயர் பெற்றது. இந்தியர்களுக்கு ஏற்ற சோதனைகளையும் அங்கே உருவாக்கி இருக்கிறார்கள்.

இவர் ஊசி போட மாட்டார். மருந்து எழுத மாட்டார். வலிப்பு வந்தால் நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். மருந்து வேண்டுமானால் மனநல டாக்டரிடமோ குழந்தை டாக்டரிடமோ போக வேண்டும்.

இவருடைய கருவிகள் கட்டைகள், படங்கள், எண்கள், கதைகள். பிள்ளை எவ்வளவு நேரம் கவனிக்கிறான், எதை மறக்கிறான், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்று பார்க்கிறார். பிரசவம் எப்படி நடந்தது, பிள்ளை உடனே அழுததா, ஜன்னி வந்ததா என்றும் கேட்பார். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து வரச் சொல்வார். பத்து நிமிஷத்தில் முடியும் வேலை அல்ல. ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

பி.ஏ. அல்லது பி.எஸ்சி. மனோதத்துவம் 3 ஆண்டு. அதன் மேல் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. 2 ஆண்டு. அதன் பிறகு நோயாளிகளை நேரில் பார்த்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பயிலும் எம்.பில். 2 ஆண்டு. இன்று தொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் வந்த பாதை இது. இவருக்குச் சட்டம் தந்த பெயர் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'.

1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. இந்தத் தொழில் செய்பவர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆனால் அந்தப் பதிவேட்டில் நியூரோ சைக்காலஜிஸ்ட் என்று தனிப் பிரிவு கிடையாது! போர்டில் அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கலாம். அது பிஎச்.டி. பட்டமாகவும் இருக்கலாம்.

தனி கிளினிக்கில் என்ன வித்தியாசம்?

பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்க்கும்போதே சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கொள்வார்கள். தனியாகக் கிளினிக் நடத்துபவரை அப்படிக் கேட்பவர் யார்? நீங்கள்தான் கேட்க வேண்டும்.

"உங்கள் கவுன்சில் பதிவு எண் என்ன?" இது முதல் கேள்வி. அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். "எங்கே பயிற்சி பெற்றீர்கள்? குழந்தைகளை எத்தனை ஆண்டாகப் பார்க்கிறீர்கள்?" இது இரண்டாவது. "ரிப்போர்ட்டில் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டுத் தருவீர்களா?" இது மூன்றாவது. முறையாகப் படித்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

"ஆட்டிசத்தை மூன்றே மாதத்தில் அடியோடு போக்குகிறேன்" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பயிற்சியால் பிள்ளை முன்னேறுவான். அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

எந்த மொழியில் சோதனை?

திருப்பூருக்கு இது மிக முக்கியம். இங்கே பீகார் பிள்ளை உண்டு, ஒடிசா பிள்ளை உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையும் உண்டு. தமிழ் புரியாத பிள்ளையிடம் தமிழில் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? புத்திசாலியும் மந்தம் ஆகிவிடுவான்! "சோதனை என் பிள்ளையின் மொழியில் நடக்குமா?" என்று கேளுங்கள்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது?

பதிவு பெற்றவர்கள் குறைவு. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது சின்ன நஷ்டமா? ஊருக்குள்ளேயே போர்டு மாட்டியவரிடம் ஜனங்கள் போவதற்கு இதுவும் காரணம்.

முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசமும், எழுத்துக் கூட்டுவதில் உள்ள கற்றல் குறைபாடும் சலுகைக்கு உரியவை. முறையான சான்று இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். பதிவு இல்லாதவரின் ரிப்போர்ட் அங்கே செல்லாது. கொடுத்த பணமும் திரும்பாது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எட்டு வயதில் கிடைக்க வேண்டிய உதவி பன்னிரண்டு வயதில் கிடைத்தால், நடுவில் நாலு வருஷம் அந்தப் பையன் 'மக்கு' என்ற பெயரோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அந்த நாலு வருஷத்தை எந்த ஓவர்டைமும் ஈடு செய்யாது.

ஆகவே, கூச்சம் வேண்டாம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.