கடற்கரையில் பங்கு யாருக்கு?

அருப்புக்கோட்டை மில்லிலும் திருச்சுழி மானாவாரிக் காட்டிலும் பாடுபடும் தோழர்களே!

ராமேஸ்வரத்தில் சுற்றுலா வளர்ந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 1985 வரை நாமும் அவர்களும் ஒரே ஜில்லா. நம் குண்டாறு போய்ச் சேருவது அந்தக் கடலில்தான்.

“நீடித்த சுற்றுலா” என்கிறார்கள். “பங்குதாரர் எல்லோரையும் கலந்து செய்வோம்” என்கிறார்கள். பங்குதாரர் யார் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். லாபம் அவருக்கு, பஞ்சுத் தூசி நமக்கு! கடற்கரையிலும் அதே கணக்குத்தானா?

நடந்ததைப் பாருங்கள். கிராமப்புறக் கடற்கரையில் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதி எழும்பக் கூடாது என்றது மத்திய சர்க்காரின் 2011 அறிவிப்பு. 2019 ஜனவரியில் என்ன செய்தார்கள்? சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறுக்கினார்கள். ஜனம் நெருங்கிய இடத்தில்தான் முதலாளிக்கு வழி திறந்தது!

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களுக்கு அங்கே தடை. அதே தீவுகளில் ஒன்றான குருசடைக்கு வனத்துறையே சுற்றுலாப் படகு விட்டது. பாசிக்காரி கால் பட்டால் பவளப்பாறை கெடுமாம். டிக்கெட் வாங்கியவன் கால் பட்டால் கெடாதாம்!

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. வாழத் தகாத இடம் என்று சர்க்கார் கைவிரித்தது. அங்கேயே குடிசை போட்டு மீன் பிடித்தவனுக்கு அரை நூற்றாண்டு ரோடு இல்லை. 2017இல், அரிச்சல்முனை வரை கார்கள் போக, ரோடு வந்துவிட்டது.

சுற்றுலாவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. தை அமாவாசைக்கு நாமும் பஸ் ஏறுகிறவர்கள்தான். ஆட்டோ ஓட்டுகிறவனும் சங்குமாலை விற்கிறவளும் அதில்தான் கஞ்சி குடிக்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்:

படகு இறங்கும் கரையும் வலை காயும் மணலும் மீனவர் கையை விட்டுப் போகக் கூடாது. பாசி எடுக்கும் பெண்களைக் கேளாமல் எந்தத் திட்டமும் கூடாது. லாட்ஜ் தொழிலாளிக்குச் சட்டப்படி கூலியும் எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் வேண்டும். விடுதிச் சாக்கடை கடலில் கலக்கக் கூடாது.

ரமணர் பிறந்த ஊர் என்று சொல்லி நாளை திருச்சுழிக்கும் இதே பேச்சு வரலாம். அன்று கண்மாய்க் கரையை யாருக்கு அளந்து கொடுப்பார்கள்? நமக்கு யார் துணை வருவார்கள்?

ஆகவே இன்றே மீனவரோடு நில்லுங்கள். வலை இழுக்கும் கையும் நூல் நூற்கும் கையும் களை வெட்டும் கையும் ஒன்று சேரட்டும். உழைக்கிறவனே முதல் பங்குதாரன்!